நிற்க வைத்து எடுக்காத அளவு

என் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறார். பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றிக்கொள்கிறார். கால்மேல் கால். இன்னொரு கையில் செல்போன், அதில் மருமகனோடு மனைத் தகராறு. மெஷின் கீச்சென்று கத்தியதும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சிஸ்டர், நூத்தி அறுவத்தஞ்சு காட்டுது. இன்னா பண்ணலாம்?" என்று கேட்கிறார். முதலில் போனை வைக்கலாம். பிறகு காலைக் கீழே போடலாம். அதைச் சொன்னால், "மெஷினு புதுசு சிஸ்டர்" என்கிறார். எனக்கு மெஷின் மேல் சந்தேகம் என்று நினைத்துக்கொள்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

எங்கள் ஆலையில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்களாம். ஆம்புலன்ஸ் ரூம் அனுபவத்தை எழுதிக் கொடு என்று இரண்டு மாதமாக நச்சரிக்கிறார்கள். "அந்தக் காலத்துப் பாதரச மெஷின் மாதிரி வருமா, அதைப் பத்தி எழுதுங்க" என்று யோசனை வேறு. பாதரசம் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. கண்ணாடிக் குழாய் உடைந்தால் தரையில் உருண்டோடும் பாதரசத்தை அட்டை வைத்துத் தள்ளிப் பிடித்தவள் நான். மெஷின் பழசோ புதுசோ, அது காட்டுவதைத்தான் காட்டும். பொய் எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக ஒரு தடவை நானே இருந்திருக்கிறேன். எழுதினால் அதைத்தான் எழுதுவேன் என்றேன். சரி என்றார்கள். என்ன சரி என்று தெரிந்துதான் சொன்னார்களா தெரியவில்லை.

படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வருடம். விடிகாலையில் ஜெபம், பிறகு படுக்கை விரிப்பு, பிறகு திட்டு. அதன்பின் மெட்ராஸில் ஒரு நர்சிங் ஹோமில் கொஞ்ச காலம். கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது எழுபதுகள் பாதி தாண்டியிருந்தது. ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு வார்ப்பட ஆலைக்கு நர்ஸ் வேண்டும் என்றார்கள். இரும்பை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, மோட்டாருக்கும் பம்புக்கும் வேண்டிய பாகங்களை வார்க்கிற ஆலை. சுற்றிலும் நெல்வயல். ஆலைக்குள் ஒரு மூலையில் இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு பீரோ. அதுதான் ஆம்புலன்ஸ் ரூம். ஆம்புலன்ஸ் கிடையாது.

டாக்டர் சம்பந்தம் காஞ்சிபுரத்திலிருந்து வருவார். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மட்டும். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பேச்சு ரொம்பக் குறைவு. பிரஷர் எடுப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஆள் வந்ததும் முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டினால் போதாது, கழற்ற வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க மேஜைமேல் ஒரு தலையணை. பாதம் இரண்டும் தரையில். அவர் ஸ்டெத்தைக் காதில் வைத்துவிட்டால் அறையில் யாரும் மூச்சுக்கூடப் பலமாக விடக் கூடாது. பாதரசத்தை மெதுவாக இறக்குவார், கோடு கோடாக. பேனா மூடியைக் காற்று முழுவதும் இறங்கிய பிறகுதான் திறப்பார். பிறகு ஆளை எழுந்து நிற்கச் சொல்வார். ஒரு நிமிடம் நிற்க வைத்து, நின்றபடியே இன்னொரு தடவை எடுப்பார். ரெஜிஸ்டரில் இரண்டு கட்டம்: உட்கார்ந்து, நின்று.

நான் எடுத்து எழுதினதைச் சாயங்காலம் பார்ப்பார். நூற்று இருபது, நூற்று முப்பது, எண்பது, தொண்ணூறு என்று வரிசையாக இருந்தால் ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளிவிடுவார். "கோடு ரெண்டு ரெண்டா இருக்கு சிஸ்டர். எல்லாருக்கும் ஜீரோவுல வந்து நிக்குமா? ஜீரோவுல முடியற பிரஷர நான் நம்பறதில்ல" என்பார். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "நிக்க வெச்சுப் பாத்தீங்களா?"

நிற்க வைத்துப் பார்ப்பது எதற்கு என்று நான் ஒரு தடவை கேட்டேன். அன்றைக்கு மட்டும் அரைமணி நேரம் பேசினார். நாம் எழுந்து நின்றதும் உடம்பிலிருக்கிற ரத்தத்தில் அரை லிட்டருக்கு மேல் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. அப்படியே விட்டால் மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து ஆள் விழுந்துவிடுவான். ஆனால் கழுத்தில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயின் சுவரிலேயே நரம்பு முனைகள் காவல் இருக்கின்றன. அழுத்தம் இறங்குகிற அதே நொடியில் அவை மூளையின் அடித்தண்டுக்குச் சொல்லிவிடும். அங்கிருந்து இரண்டு உத்தரவு. இதயமே, வேகமாக அடி. ரத்தக்குழாய்களே, இறுகுங்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் எழும்பிப் பாய்கிறதே, அதே வேலைதான். நாடி பத்துப் பதினைந்து கூடும், அழுத்தம் நின்றுகொள்ளும். எல்லாம் நாம் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள். "இத்தன வேலையும் உங்கள கேக்காம நடக்குது. அது ஒழுங்கா நடக்குதான்னு உட்கார வெச்சுப் பாத்தா எப்படித் தெரியும்?" என்றார். எங்கள் மோல்டர்கள் மணலில் மணிக்கணக்காகக் குத்துக்காலிட்டு அச்சுப் போட்டுவிட்டு, எழுந்து உருகிய இரும்பைத் தூக்குகிறவர்கள். அவர்களை நிற்க வைத்துப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பது?

இவ்வளவையும் கேட்டுத் தலையாட்டியவள் நான். இதை நினைவில் வையுங்கள்.

ஆலையில் பாதிப் பேர் டெம்பரரி. வருடத்துக்கு ஒரு முறை அவர்களில் சிலருக்கு மெடிக்கல் வைத்துப் பெர்மனென்ட் ஆக்குவார்கள். இரண்டு தடவைதான் வாய்ப்பு. இரண்டாவதிலும் அன்ஃபிட் என்றால் கேட்டுக்கு வெளியே. பர்சனல் ஆபீசருக்கு அது ஒரு சடங்கு. முதல் வருடம் எல்லாரையும் என் அறைக்கு வெளியே வெயிலில் வரிசையாக நிற்க வைத்துவிட்டார். பென்னலூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன், இதை விட்டால் வாழ்க்கையே போச்சு என்று நடுங்குகிறவன், எல்லாரும் உள்ளே வந்து கையை நீட்டினால் பிரஷர் எப்படி இருக்கும்? பயந்தாலும் அதே நரம்புதான், அதே உத்தரவுதான். இதயம் அடித்துக்கொள்ளும், குழாய் இறுகும், பாதரசம் ஏறும். டாக்டர் சத்தம் போட்டு உள்ளே பெஞ்சு போட வைத்தார். உட்கார்ந்து இளைப்பாறியதும் பெரும்பாலானவர்களுக்கு இறங்கிவிட்டது. தேறியவர்களிலும் அந்த வருடம் பாதிப் பேரைத்தான் எடுத்தார்கள், மற்றவர்கள் அடுத்த மெடிக்கலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இறங்காதவன் சின்னப்பன். வல்லம் பக்கத்துக் கிராமம், எங்கள் பங்குக் கோயில்தான். நல்ல மோல்டர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆறு வருடமாக டெம்பரரி. மூன்று தடவை எடுத்தும் நூற்று எழுபதுக்குக் கீழே வரவில்லை. அன்ஃபிட். "பயத்துல ஏறிக்கீது சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்றான். பயம் பாதி, வியாதி பாதி இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். போனான். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய் வாங்கி வருவான். அதை நான் அறிவேன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்பேன். கேட்டதோடு என் கடமை முடிந்தது.

அடுத்த வருட மெடிக்கல் ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பத்தெட்டுப் பேர். காலையில் நான் அளவெடுத்து எழுத வேண்டும், சாயங்காலம் டாக்டர் வந்து நெஞ்சும் நுரையீரலும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எட்டு மணிக்கே பர்சனல் ஆபீசர் வந்து நின்றார். "சிஸ்டர், மூணு மணிக்கு உலை திறக்கணும். ஆளுங்கள லஞ்சுக்கு முன்னாடி விட்டுடணும். உங்க பூஜை புனஸ்காரத்தையெல்லாம் கொஞ்சம் கொறச்சுக்குங்க."

அவரைக் குறை சொல்லி இனி ஆகப் போவதென்ன? குறைத்தது நான். முதல் பத்துப் பேருக்கு முறைப்படி செய்தேன். மணி பத்தரை ஆகிவிட்டது. அவர் கதவருகே வந்து வாட்சைப் பார்த்துவிட்டுப் போனார். பதினோராவது ஆளிலிருந்து நிற்க வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கட்டத்தைக் காலியாக விட முடியுமா? உட்கார்ந்து நூற்றுப் பதினெட்டு என்றால் நின்று நூற்றுப் பதினாறு என்று எழுதினேன். அடுத்தவனுக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட ஜீரோவில் முடியவில்லை. டாக்டர் சொல்லிக் கொடுத்தது அப்படிக் கை கொடுத்தது.

இதில் இன்னொன்று. அன்றைக்கு உட்கார்ந்து எடுத்த அளவுகளே ரொம்ப அழகாக இருந்தன. போன வருடம் நடுங்கியவர்களெல்லாம் சாதுவாகக் கையை நீட்டினார்கள். ஒருவன் பெஞ்சிலேயே தூங்கி விழுந்தான். முனுசாமி என்று ஒரு பையன்போல இருக்கிற ஆள், போன வருடம் பயத்தில் அவனுக்கு நாடி நூறு. அன்றைக்கு அறுபத்திரண்டு. சின்னப்பனுக்கு நூற்று முப்பத்திரண்டு. பெஞ்சு போட்டு இளைப்பாற விட்டதன் பலன் என்று எனக்குப் பெருமை. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மதியம் பன்னிரண்டரை. கேன்டீனிலிருந்து ஆள் ஓடி வந்தான். "சிஸ்டர், முனுசாமி வுயுந்துட்டான்."

சாப்பிட்டுவிட்டுத் தட்டோடு எழுந்திருக்கிறான், அப்படியே சரிந்துவிட்டான். நான் போனபோது கண் திறந்திருந்தது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி மணைமேல் வைத்தேன். பிரஷர் நூற்று நான்கு, நாடி அறுபத்து நான்கு. தண்ணீர் குடித்தான், எனக்கு ஒன்றுமில்லை என்று எழப் பார்த்தான். கைத்தாங்கலாக நிற்க வைத்து, நின்றபடியே பட்டையைச் சுற்றினேன். பாதரசம் எழுபதுக்கு இறங்கும்வரை சத்தமே கேட்கவில்லை. நாடி அறுபத்தாறு. மறுபடி சாய்ந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயிலில் காய்ந்தவனோ பட்டினி கிடந்தவனோ நிற்கும்போது பிரஷர் இறங்கினால் நாடி குதிரையாக ஓட வேண்டும். இவனுக்கு இரண்டு கூடியதோடு சரி. கழுத்திலிருந்து தகவல் போகிறது, உத்தரவு இதயத்துக்கு வந்து சேரவில்லை. நடுவில் யாரோ நரம்பைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"முனுசாமி, காலைல இன்னா சாப்ட்ட?"

"ரெண்டு இட்லி சிஸ்டர்."

"இட்லிக்கு முன்னாடி?"

சுற்றி நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லாத சிஸ்டர். மாத்திரை. ரெண்டு."

"யாரு குடுத்தது?"

"சின்னப்பண்ணன். ஆளுக்கு ஒண்ணுதான் குட்த்தாரு. எனக்கு ஒண்ணு பத்துமோ பத்தாதோன்னு பயமா இருந்துச்சு. கெஞ்சி இன்னொண்ணு வாங்கிக்கினேன்."

"ஆளுக்கு ஒண்ணுன்னா எத்தினி ஆளு?"

விரலை மடக்கினான். அவனோடு எட்டுப் பேர். எல்லாரும் மோல்டர்கள். எல்லாரும் மூணு மணிக்கு இரும்பு தூக்க வேண்டியவர்கள்.

அந்த வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உலையிலிருந்து வருகிற இரும்பை லேடில் என்கிற சட்டியில் பிடிப்பார்கள். அதன் இரண்டு பக்கமும் நீளமான தண்டு. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவில் வெள்ளையாகக் கொதிக்கிற இரும்பு. ஒருவன் கால் மடங்கினால் மற்றவன் மேல்தான் கொட்டும். முனுசாமி முன்னால் பிடிக்கிறவன். அவனுக்குப் பின்னால் பிடிப்பது சின்னப்பன். தன் காலில் கொட்டப் போகிற இரும்புக்குத் தானே ஏற்பாடு செய்திருந்தான் அந்தப் புண்ணியவான்.

மோல்டிங் ஷெட்டுக்கு ஓடினேன். சின்னப்பன் குத்துக்காலிட்டு அச்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஆமா சிஸ்டர், குட்த்தேன். பசங்க ராவெல்லாம் தூங்கல. பயத்துக்குத்தான் ஏறுதுன்னு நீங்கதான சொன்னீங்க? பிரஷர் எறங்கறதுக்குத்தான் மாத்திரை. எறங்கிச்சா இல்லியா?"

"எறங்கிச்சு. எறங்கிக்கினே போவுது. முனுசாமி ரெண்டு தபா வுயுந்துட்டான்."

"எனக்கு ஒண்ணும் ஆவலயே?"

"உனக்கு நூத்தி எழுவதுலேந்து எறங்குது, சின்னப்பா. அவனுக்கு நூத்தி இருவதுலேந்து எறங்குது. நிக்கும்போது தூக்கிப் புடிக்கிற நரம்ப அந்த மாத்திரை கட்டிப் போட்டுடும்."

கையிலிருந்த கரணையைக் கீழே வைத்தான். உலையைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நான் சொன்னது புரிந்துவிட்டது. படித்த ஆபீசர்களைவிடச் சீக்கிரம் புரிந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஃபோர்மேன் தங்கையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எட்டுப் பேரை இன்றைக்கு லேடில் பக்கம் விடக் கூடாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிஸ்டர், உலைல இரும்பு உருகிட்டுக் கெடக்கு. அச்சு அம்புட்டும் ரெடி. ஒங்களுக்கு இப்பந்தான் நேரம் கெடச்சுதாக்கும்?"

"மூணு மணிக்கு எவனாவது சட்டியோட வுயுவான் சார்."

"காலைலதான பாத்திய? எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டு, இப்ப வந்து விழுவான்னா என்ன அர்த்தம்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த எட்டுப் பேரில் ஒருவன் எதிரிலேயே அச்சுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவனை எழுந்து நிற்கச் சொன்னேன். எழுந்தான். இரண்டு நொடி நன்றாகத்தான் நின்றான். பிறகு கை காற்றில் எதையோ தேடி மணல் பெட்டியைப் பிடித்துக்கொண்டது.

"ஏலே, நேரா நில்லுல" என்றார் தங்கையா.

"நிக்கிறேன் சார், ஷெட்டு சுத்துது" என்றான் அவன்.

தங்கையா உடனே வேறு செக்‌ஷனிலிருந்து கிடைத்த நாலு பேரைக் கூப்பிட்டார். தானும் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு தண்டைப் பிடித்தார். பாதி அச்சுகளுக்குத்தான் ஊற்ற முடிந்தது. மீதி இரும்பை மணல் குழியில் கொட்டினார்கள். எட்டுப் பேரும் என் அறையில் தரையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பாதி இரும்பு மணலுக்குப் போனால் ஆலை சும்மா இருக்குமா? சாயங்காலம் டாக்டர் வருவதற்கு முன்பே பர்சனல் ஆபீசர் என் அறையில் இருந்தார். விஷயம் அதற்குள் காற்றில் பரவியிருந்தது. மாத்திரை தின்று மெடிக்கலை ஏமாற்றினார்கள், எட்டுப் பேரையும் இன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பப் போகிறேன், மாத்திரை கொடுத்தவன் பெயரையும் சொல்லுங்கள் என்றார். டாக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைத் திறந்தார். வழக்கமான இடத்தில் விரல் நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கதை அதோடு தப்பியிருக்கும். ஏமாற்றியவர்கள் அவர்கள், கண்டுபிடித்தவள் நான். எட்டுக் குடும்பத்தின் சோறு போயிருக்கும், எனக்கு ஒருவேளை பாராட்டுக் கடிதமே வந்திருக்கும். தரையில் படுத்திருந்த முனுசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயருக்கு எதிரே நின்று நூற்றுப் பதினாறு என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அவன் செய்தது பயத்தில். நான் செய்தது எதில்?

"டாக்டர், பதினோராவது ஆளிலேந்து நின்ன பிரஷர் நான் எடுக்கல. நானா எழுதினது" என்றேன்.

டாக்டர் நிமிரவில்லை. பக்கத்தைப் பொறுமையாக மேலிருந்து கீழே படித்தார். "ரெண்டுல முடியுது, ஆறுல முடியுது, எட்டுல முடியுது. ஜீரோ ஒண்ணுகூட இல்ல. அழகா எழுதியிருக்கீங்க சிஸ்டர்."

அவர் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பர்சனல் ஆபீசருக்கு முகம் மாறிவிட்டது. "இதை ஏன் இப்ப சொல்றீங்க? அவனுங்க பண்ணது வேற, இது வேற. இதை அப்படியே விடுங்க" என்றார்.

"எப்படி சார் வேற? அளவே முழுசா எடுக்கலன்னா அது மெடிக்கலே இல்ல. நடக்காத பரீட்சையில யாரு காப்பி அடிச்சான்னு வெளிய அனுப்புவீங்க?"

எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேனா மூடியைத் திறந்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "முப்பத்தெட்டுப் பேருக்கும் வெள்ளிக்கிழமை மறுபடியும். நானே எடுக்கிறேன்" என்றார். மாத்திரை கொடுத்தவன் யார் என்று இன்னொரு முறை கேட்டார்கள். தெரியாது என்றேன். அந்த நாளில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் எனக்கு உறுத்தவில்லை. எனக்கு மெமோ வந்தது. நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தைப் படித்துவிட்டு, நீளம் அதிகம் என்றார் பர்சனல் ஆபீசர்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதுவதற்கு இத்தனை வருடம் யோசித்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் காலையிலேயே வந்துவிட்டார். ஐந்து நிமிடம், தலையணை, கழற்றிய சட்டை, உட்கார்ந்து, நின்று. மாலைவரை ஆனாலும் ஆகட்டும் என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். முனுசாமிக்கு உட்கார்ந்து நூற்று இருபத்திரண்டு, நின்று நூற்று இருபது, நாடி எழுபத்தெட்டு, நின்றதும் எண்பத்தொன்பது. சுத்தமான ஆள். அவனுக்கு மாத்திரையே வேண்டியிருக்கவில்லை. எட்டுப் பேரும் தேறினார்கள். ஒருவனுக்கும் வியாதி இல்லை, எல்லாம் பயம்தான்.

சின்னப்பன் கடைசி. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். டாக்டர் பாதரசத்தை இறக்க இறக்க நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. பத்து நிமிடம் கழித்து எடுத்தார். கால்மணி கழித்து மறுபடி எடுத்தார். அசையவில்லை.

டாக்டர் கை கழுவப் போனபோது குனிந்து கேட்டேன். "காலைல மாத்திரை போட்டியா இல்லியா?"

"ஏது மாத்திரை? இருந்த ஒம்போதையும் பசங்களுக்குக் குடுத்துட்டேன். ஆஸ்பத்திரில திங்கக்கெயமதான் தருவாங்க. நேத்து போய்ப் பாத்தேன், நாளு வரலன்னு தொரத்திட்டாங்க. கடையிலயும் இல்லன்னுட்டான்."

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள் மாத்திரை இல்லை. எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தனக்கென்று மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியாதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியவில்லை. மாத்திரையின் தயவில் இறங்கிய பிரஷரோடு இவனை உலைக்கு முன் நிறுத்துவதுதான் சரியா என்று டாக்டர் கேட்டால் எனக்குப் பதில் கிடையாது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை ரெஜிஸ்டரில் அவனுக்கு நூற்று முப்பத்திரண்டு இருந்தது. அது நான் உண்மையாகவே எடுத்த அளவு. அந்தப் பக்கத்தை அடிக்க வைத்தவளும் நான்தான்.

"ஸ்டோர்ஸ்ல போடலாமே டாக்டர்" என்றேன். டாக்டர் அப்படியே எழுதினார்: வெப்பமான இடத்து வேலைக்குத் தகுதியில்லை, இலகுவான வேலை தரலாம். பர்சனல் ஆபீசர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஸ்டோர்ஸில் இடமில்லையாம்.

கேட் வரைக்கும் சின்னப்பனோடு நடந்தேன். ஏதாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "எட்டுப் பேருக்குக் குட்த்தேன் சிஸ்டர். எனக்குன்னு ஒண்ணு வெச்சிக்கினு இருந்திருக்கலாம்" என்றான். அதோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முனுசாமி பெர்மனென்ட் ஆகி, சாக்லெட் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கி மேஜைமேல் வைத்தேன். எறும்பு தின்றது.

பிறகு சின்னப்பன் வயலைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்ப்பேன். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். அவன் மனைவி சிரிப்பாள், அவன் சிரிக்க மாட்டான். அவன் கோபம் நியாயமென்று எனக்குத் தெரியும். ஆனாலும் எரிச்சலாக வரும். என்னோடு பேச வேண்டாம், பிரஷரையாவது பார்த்துக்கொள்ளக் கூடாதா? இந்த வியாதி வலிக்காது, கத்தாது. கோபித்துக்கொண்டு இருக்கிறவனுக்கு அது தோதான வியாதி. ஆலை மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால் சொந்தமாக ஒன்று வாங்கினேன். ஞாயிறுதோறும் பையில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். கண்ட கண்டவர்களெல்லாம் கையை நீட்டினார்கள். அவன் வரவில்லை. இப்படி நான்கு வருடம்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, வேப்பமரத்தடி பெஞ்சில் யாருக்கோ எடுத்துவிட்டு மெஷினை மூடப் போனேன். யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சின்னப்பன். சட்டையைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டு, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்துக்கொண்டான். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு எடுத்தேன். நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவசரமாக நோட்டை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தேன்.

அவன் பட்டையைக் கழற்றவில்லை. நான் சொல்லாமலே எழுந்து நின்றான்.

"இரு சிஸ்டர். நின்னுகினு ஒரு தபா எடு. எடுத்துட்டு அப்பால எழுது" என்றான்.